நேரம் எவ்வளவு இருக்கிறது? சிக்கலான பிரசவத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை

“உங்களுக்கு ஹை ரிஸ்க், ஜாக்கிரதையா இருங்க” என்று டாக்டர் சொல்லி அனுப்பும்போது கர்ப்பிணியின் கையில் மருந்துச் சீட்டு இருக்கும், அடுத்த ஸ்கேனுக்கான தேதி இருக்கும், மனசில் பயம் இருக்கும். எது ஆபத்து, எந்த மாதத்தில் வரக்கூடும், வந்தால் எப்படித் தெரியும், தெரிந்த பிறகு எவ்வளவு நேரம் இருக்கிறது என்ற விவரம் மட்டும் பெரும்பாலும் இருக்காது. ஜாக்கிரதை என்பதை வீட்டில் இருப்பவர்கள் நடக்காதே, குனியாதே, படுத்தே இரு என்று புரிந்துகொள்கிறார்கள். நாள் முழுக்கப் படுத்திருந்தால் ரத்த அழுத்தம் ஏறாது, குறைப்பிரசவம் தள்ளிப்போகும் என்பதற்கு நல்ல சான்று கிடையாது. காலில் ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்துதான் அதனால் கூடுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் கர்ப்பத்திலும் பிரசவத்தை ஒட்டியும் சுமார் 2,60,000 பெண்கள் இறந்தார்கள். ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஓர் உயிர். இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கொன்றவை புரியாத நோய்கள் இல்லை. ரத்தப்போக்கு, ரத்த அழுத்தம், தொற்று. மூன்றுக்கும் மருந்து இருக்கிறது, சிகிச்சை முறையும் தெரியும். இருந்தும் ஏன் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு 1994-ல் செரீன் தடேயஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று தாமதங்களைச் சுட்டிக்காட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை தொடங்குவதில் தாமதம். சிக்கலான பிரசவத்துக்குத் தயாராவது என்றால் இந்த மூன்றையும் முன்கூட்டியே ஒவ்வொன்றாகக் குறைத்து வைப்பது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். பை அடுக்குவது, குழந்தைக்குத் துணி வாங்குவது எல்லாம் அதற்குப் பிறகு.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது எந்தச் சிக்கல் என்பதைப் பொறுத்தது. தாய்மார் நலத் திட்டங்களில் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் ஒரு தோராயக் கணக்கு உண்டு. சிகிச்சையே கிடைக்காத நிலையில், பிரசவத்துக்குப் பிந்தைய கடும் ரத்தப்போக்கு இரண்டே மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும். பிரசவத்துக்கு முந்தைய ரத்தப்போக்குக்கு அரை நாள் போலக் கணக்கு. வலிப்பு கண்டால் இரண்டு நாள், குழந்தை வெளிவர முடியாமல் பிரசவம் அடைத்துக்கொண்டால் மூன்று நாள், தொற்று என்றால் ஆறு நாள். தனி ஒருவருக்கு இது அப்படியே பொருந்தாது. ஆனால் நம் சிக்கலுக்கு இருப்பது நிமிடங்களா, மணிகளா, நாள்களா என்று தெரிந்துவிட்டால், எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு தூரம், யார் கூட இருப்பது என்பதெல்லாம் தன்னால் தெளிவாகும்.

ரத்தப்போக்கு: நிமிடங்களில் நடப்பது

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மி.லி. ரத்தம் ஓடுகிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும் அது ஒட்டியிருந்த இடத்தில் அத்தனை ரத்தக்குழாய்களும் வாய் திறந்து நிற்கும். தையலோ மருந்தோ இல்லாமல் அவற்றை மூடுவது கர்ப்பப்பையின் தசைதான். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தசைநார்கள் இறுகி, இடையில் ஓடும் குழாய்களை நெரித்து அடைத்துவிடும். அந்தத் தசை இறுகாமல் தளர்ந்து கிடந்தால் ரத்தம் நிற்காது. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் பத்தில் ஏழு இப்படி வருவதுதான். இரட்டைக் குழந்தை, பெரிய குழந்தை, பனிக்குட நீர் அதிகம், பிரசவ வலி வெகுநேரம் நீண்டது, முந்தைய பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனது ஆகியவை இதற்கான வாய்ப்பைக் கூட்டும். இவை எதுவுமே இல்லாத பெண்ணுக்கும் வரும் என்பதால்தான் எல்லாப் பிரசவத்திலும் குழந்தை பிறந்த கையோடு, கர்ப்பப்பையை இறுகவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறார்கள்.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு பாதிக்குப் பாதி கூடியிருக்கும். அதனால் ஒரு லிட்டர் ரத்தம் போன பிறகும் இளவயதுப் பெண் பேசிக்கொண்டிருப்பார், ரத்த அழுத்தமும் சரியாகவே காட்டும். அழுத்தம் விழும்போது காலம் கடந்திருக்கும். முதலில் மாறுவது நாடித்துடிப்பு. அதன் வேகம் ஏறிக்கொண்டே போய் ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது பெரிய எச்சரிக்கை. கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவும் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். ரத்தம் துணியில் ஊறிவிடும், படுக்கையின் மடிப்பில் தேங்கிவிடும். அதனால் நல்ல பிரசவ அறைகளில் தாயின் அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைக்கிறார்கள். நனைந்த பஞ்சையும் துணியையும் தராசில் போட்டு, காய்ந்த எடையைக் கழித்து, ஒரு கிராமுக்கு ஒரு மி.லி. என்று கணக்கிடுகிறார்கள். இப்படி அளந்து, அளவு தாண்டியதும் கர்ப்பப்பை மசாஜ், ஆக்ஸிடோசின், உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரனெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், ரத்தம் வரும் இடத்தைத் தேடும் பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே மூச்சில் செய்யும் முறையைக் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் சோதித்தார்கள். கடும் ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, ரத்தப்போக்கால் மரணம் ஆகியவை சேர்ந்து 60 சதவீதம் குறைந்ததாக 2023-ல் முடிவு வந்தது. புது மருந்து எதுவும் அதில் இல்லை. சீக்கிரம் கண்டுபிடித்ததும் காத்திராமல் செய்ததும்தான் வித்தியாசம்.

டிரனெக்ஸாமிக் அமிலத்தைப் பற்றி வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. 21 நாடுகளில் 20,000 பெண்களிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், மூன்று மணி நேரத்துக்குள் போட்டவர்களிடம் ரத்தப்போக்கால் வரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதற்குப் பிறகு போட்டால் பலன் இல்லை. “கொஞ்சம் பார்க்கலாம்” என்று காத்திருக்கும் ஒவ்வொரு கால் மணி நேரத்திலும் மருந்தின் பலன் குறைந்துகொண்டே போகிறது.

ரத்தம் ஏற்றுவதற்கான ஏற்பாட்டிலும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. “எங்க ஆளுங்க நாலு பேர் ரெடியா இருக்காங்க, கூப்பிட்டா வந்து கொடுத்துடுவாங்க” என்பார்கள். கொடுத்த ரத்தத்தை எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை வைரஸ்கள் போன்றவற்றுக்குப் பரிசோதித்து முடிக்கவே மணிக்கணக்கு ஆகும். உயிரைக் காப்பது முந்தைய நாள்களிலேயே எடுத்துப் பரிசோதித்து ரத்த வங்கியில் இருக்கும் பை. எனவே கேட்க வேண்டிய கேள்வி, இந்த ஆஸ்பத்திரிக்குள்ளேயே ரத்தம் இருக்கிறதா, இல்லாவிட்டால் எங்கிருந்து எவ்வளவு நேரத்தில் வரும் என்பது. நெகட்டிவ் ரத்தப் பிரிவு உள்ளவர்களும், ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களும் இதைப் பல வாரங்களுக்கு முன்பே பேசி வைக்க வேண்டும். பொருந்தும் பையைத் தேடவே நேரம் பிடிக்கும். தெரிந்தவர்கள் கொடுப்பதாக இருந்தால் தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வங்கியில் கொடுக்கட்டும். சிவப்பணுக்களை 42 நாள் வரை வைத்திருக்க முடியும்.

கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஏழு இருக்கும் பெண்ணும் பன்னிரண்டு இருக்கும் பெண்ணும் ஒரே அளவு ரத்தத்தை இழந்தால் இருவருக்கும் நேர்வது ஒன்றாக இருக்காது. எட்டாம் மாதத்தில் மாத்திரை மட்டும் போட்டு இதைச் சரிசெய்யப் போதுமான அவகாசம் இருக்காது. நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்ற முடியுமா என்று அப்போதே கேட்டுவிட வேண்டும். எல்லாத் தயாரிப்பிலும் செலவு குறைந்ததும் பலன் அதிகமானதும் இதுதான் என்பது என் எண்ணம்.

நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது

ஐந்தாம் மாத ஸ்கேனில் “நஞ்சுக்கொடி கீழே இருக்கு” என்று எழுதியிருந்தால் உடனே கலங்க வேண்டாம். கர்ப்பப்பை பெரிதாகும்போது பத்தில் ஒன்பது பேருக்கு அது மேலே ஏறிவிடுகிறது. 32 வாரம் வாக்கில் மறுபடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அப்போதும் அது கர்ப்பப்பையின் வாயை மூடிக்கொண்டிருந்தால் சிசேரியன் தவிர வழியில்லை. அதை வலி வருவதற்கு முன்பே, பொதுவாக 36 அல்லது 37-ம் வாரத்தில் செய்வார்கள். இவர்களுக்கு வரும் ரத்தப்போக்கில் வலி இருக்காது, ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும், தானே நின்றும் போகலாம். நின்றுவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது, அடுத்தது பெரிதாக வரலாம். இதற்கு நேர்மாறானது, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துகொள்வது. வயிறு கல் மாதிரி இறுகி விடாமல் வலிக்கும். ரத்தம் உள்ளேயே தேங்கிவிட்டால் வெளியே கொஞ்சமாகத்தான் தெரியும், அல்லது எதுவுமே தெரியாது. எவ்வளவு ரத்தம் வெளியே வந்தது என்பதை வைத்து இதை எடைபோட முடியாது.

முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு நஞ்சுக்கொடி கீழே இருந்தால் இன்னொரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். அது பழைய தழும்புக்குள் வேர்விட்டிருக்கிறதா? நஞ்சுக்கொடி வாயை மூடியிருக்கும் பெண்களில் முதல் சிசேரியனுக்கு வருபவர்களிடம் இது 3 சதவீதம். இரண்டாம் சிசேரியனில் 11, மூன்றாவதில் 40 என்று ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. அப்படி வேர்விட்டதைப் பிரித்தெடுக்க முயன்றால் ரத்தம் கொட்டும். பலருக்குக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவரும். இந்த அறுவையைப் பல துறை நிபுணர்களும் பெரிய ரத்த வங்கியும் இருக்கும் இடத்தில் மட்டுமே செய்ய வேண்டும். தேதி குறிப்பதற்கு முன் இடத்தைக் குறியுங்கள்.

அழுத்தம்: ஒரு தலைவலியின் கதை

20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-க்கு ஏறி, சிறுநீரில் புரதமும் போனால், அல்லது கல்லீரல், சிறுநீரகம் போன்றவை பாதிக்கப்படும் அறிகுறி இருந்தால், அது முன்சூல்வலிப்பு. ஆஸ்பத்திரியில் பிரீஎக்ளாம்ப்சியா என்பார்கள். 160/110 என்றால் அன்றே, அப்போதே சிகிச்சை. முதல் கர்ப்பம், இரட்டைக் குழந்தை, முன்பே பிரஷர் அல்லது சர்க்கரை, முந்தைய கர்ப்பத்தில் இதே தொல்லை ஆகியவை இருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவர்களில் பலருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினைத் தினம் கொடுப்பதால் பலன் உண்டு. ஆனால் அதை 16 வாரத்துக்கு முன் தொடங்க வேண்டும். எட்டாம் மாதத்தில் கேட்பதால் பயனில்லை என்பதால் முதல் சந்திப்பிலேயே பழைய கதையைச் சொல்லிவிட வேண்டும்.

முடிவெடுக்கும் தாமதம் மிகச் சுலபமாக நுழைவது இந்தச் சிக்கலில்தான். ஏனென்றால் அறிகுறிகள் எல்லாம் கர்ப்பத்தில் சகஜமாக வருபவை போலவே இருக்கும். இரவு தலை வலிக்கிறது, கண்ணில் மின்மினி பறக்கிற மாதிரி இருக்கிறது, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலது பக்கம் பிடிக்கிறது என்று சொன்னால், “கேஸா இருக்கும், தூங்கினா சரியாப் போயிடும்” என்று யாராவது சொல்வார்கள். அன்போடுதான் சொல்வார்கள். இந்த மூன்றில் எது வந்தாலும், முகமும் கையும் திடீரென்று வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும், விடியும்வரை காத்திருப்பதில்லை என்பதைப் பகலிலேயே, எல்லோரும் தெளிவாக இருக்கும்போதே, வீட்டில் பேசி முடித்துவிட வேண்டும். வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் நல்லது. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டை கைக்குச் சின்னதாக இருந்தால் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும்.

வலிப்பைத் தடுக்கும் மருந்து மெக்னீசியம் சல்பேட். 33 நாடுகளில் 10,000 பெண்களிடம் நடந்த ஆய்வு, அது வலிப்பின் வாய்ப்பைப் பாதிக்கும் கீழே குறைப்பதை 2002-ல் உறுதிசெய்தது. மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், முகம் சிவக்கும். நர்ஸ் அடிக்கடி வந்து சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்ப்பார், மூச்சை எண்ணுவார், சிறுநீர் எவ்வளவு போனது என்று குறிப்பார். மருந்து அளவு மீறினால் முதலில் அடங்குவது முழங்கால் துள்ளல் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். இதை முன்பே தெரிந்துகொண்ட பெண்ணுக்கு அந்த இரவில் பயம் பாதியாகும்.

பிரசவம் ஆகிவிட்டால் முடிந்தது என்று நினைப்பதும் தவறு. அழுத்தம் உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள். அதாவது பலர் வீட்டுக்கு வந்துவிட்ட பிறகு.

முன்கூட்டியே பிறக்கப்போகும் குழந்தை

37 வாரத்துக்கு முன் பிறந்தால் குறைப்பிரசவம். இங்கே நேரம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கும், அதைப் பயன்படுத்தத் தெரிந்தால். நியூசிலாந்தில் கிரஹாம் லிக்கின்ஸ், ராஸ் ஹோவி இருவரும் 1972-ல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குறைமாதக் குழந்தையின் நுரையீரல் விரைவாகப் பக்குவமடைவதைக் காட்டினார்கள். முதலில் லிக்கின்ஸ் இதைக் கவனித்தது ஆட்டுக்குட்டிகளில். பிழைக்க வாய்ப்பில்லாத மாதத்தில் பிறந்த குட்டி, எதிர்பாராமல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. இன்று 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகும் நிலை வந்தால் இந்த ஊசி வழக்கமாகிவிட்டது. 24 மணி நேரத்திலிருந்து ஏழு நாளுக்குள் குழந்தை பிறந்தால் பலன் அதிகம்.

அதனால்தான் வலியைத் தற்காலிகமாக அடக்கும் மருந்து கொடுக்கிறார்கள். மாதக்கணக்கில் தள்ளிப்போட அந்த மருந்தால் முடியாது. இரண்டு நாள் கிடைத்தால் போதும்: ஊசி வேலை செய்யும், தாயைப் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடலாம். சின்னஞ்சிறு குழந்தையைப் பிறந்த பிறகு ஆம்புலன்சில் கொண்டுபோவதைவிடத் தாயின் வயிற்றோடு கொண்டுபோவது மிகப் பாதுகாப்பு. வேறு இடத்துக்குப் போங்கள் என்று டாக்டர் சொல்லும்போது கைவிட்டுவிட்டார்கள் என்று குடும்பங்கள் கோபப்படுவதுண்டு. பல சமயம் அந்த டாக்டர் செய்யும் மிக நல்ல காரியம் அதுதான்.

ஸ்கேன் அறிக்கையில் அதிகம் பயமுறுத்துவதும், பயப்பட வேண்டியது மிகக் குறைவானதும் கழுத்தில் கொடி சுற்றியிருப்பது. நிறைமாதத்தில் நாலைந்து குழந்தைகளில் ஒன்றுக்கு அப்படி இருக்கும். பெரும்பாலானவை சுகமாகப் பிறக்கின்றன, வெளிவரும்போது டாக்டர் கழற்றிவிடுவார். அதை மட்டும் காரணமாக வைத்து சிசேரியன் தேவையில்லை. குழந்தை தலை திரும்பாமல் இருந்தால் 36, 37-ம் வாரத்தில் வயிற்றின் மேலிருந்தே கையால் திருப்பிப் பார்க்கலாம், ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பும். குழந்தை குறுக்காக இருந்தாலோ பனிக்குட நீர் அதிகமாக இருந்தாலோ ஒன்றை மட்டும் மனப்பாடமாக வைத்திருங்கள். பனிக்குடம் உடைந்ததும் தொப்புள்கொடி வெளியே தெரிந்தால் அதைத் தொடாதீர்கள், உள்ளே தள்ளாதீர்கள். முட்டிபோட்டுக் குனிந்து, நெஞ்சைத் தரையோடு வைத்து, இடுப்பை உயர்த்திக்கொண்டு உடனே ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். வண்டியில் அப்படி இருப்பது பாதுகாப்பில்லை. இடுப்புக்கு அடியில் தலையணை வைத்து இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் போகலாம். இரட்டைக் குழந்தை என்றால், இரண்டுக்கும் நஞ்சுக்கொடி ஒன்றா தனித்தனியா என்பதை 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில்தான் தெளிவாகச் சொல்ல முடியும். பிறகு வரும் எல்லா முடிவுகளும் அதை வைத்தே. கர்ப்பகாலச் சர்க்கரையில் தாயைவிடக் குழந்தைக்குப் பிறந்த முதல் மணிகளில் கவனம் தேவை, சர்க்கரை திடீரென இறங்கிவிடும்.

எந்தச் சிக்கலாக இருந்தாலும் பொதுவானது குழந்தையின் அசைவு. கடைசி வாரங்களில் இடம் போதாமல் அசைவு குறையும் என்பது தவறு. அசைவின் விதம் மாறலாம், குறையக் கூடாது. குறைந்ததாகத் தோன்றினால் மறுநாள் வரை பார்க்காமல் போக வேண்டும். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் நல்லதுதான், மறுபடி குறைந்தால் மறுபடியும் போக வேண்டும்.

எந்த இடம், என்ன காகிதம், யார் கூட

ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் அறையையும் பார்ப்பதைவிட, நள்ளிரவு இரண்டு மணிக்கு அங்கே யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். மகப்பேறு டாக்டர் உள்ளேயே இருப்பாரா, போன் செய்து வரவழைப்பார்களா? மயக்க மருந்து டாக்டர்? குழந்தைகள் டாக்டர்? எத்தனை வாரக் குழந்தை வரை இங்கே பார்ப்பார்கள், அதற்குக் குறைவாக இருந்தால் எங்கே அனுப்புவார்கள்? நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார். தயங்கித் தயங்கி மழுப்பலான பதில் வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

ஃபைல் கட்டு தடிமனாக இருந்தால் அவசரத்தில் யாரும் புரட்ட மாட்டார்கள். அதன் முதல் பக்கமாக ஒரே ஒரு தாள் வேண்டும். ரத்தப் பிரிவு, கடைசி ஹீமோகுளோபினும் அதன் தேதியும், எத்தனை வாரம், முந்தைய பிரசவங்களில் என்ன நடந்தது, நஞ்சுக்கொடி இருக்கும் இடம், இப்போது சாப்பிடும் மருந்துகள், முக்கியமாக ரத்தத்தை இளக்கும் ஊசியோ மாத்திரையோ உண்டென்றால் கடைசியாக எப்போது எடுத்தது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாருக்கு போன் செய்வது. ரத்தத்தை இளக்கும் ஊசி போட்டு சில மணி நேரமே ஆகியிருந்தால் முதுகில் மயக்க ஊசி போட முடியாமல் போகலாம். அந்த ஒரு வரிக்காகவே இந்தத் தாள் தேவைப்படும். கூட வரப்போகும் எல்லோருடைய போனிலும் இதன் போட்டோ இருக்கட்டும்.

கூட வருபவர் ஒருவர்தான் என்றால் அவர் யார் என்பதில் உரிமைப் போட்டி வேண்டாம். பதறாதவர், கேள்வி கேட்பவர், அந்தப் பெண்ணின் மனசு தெரிந்தவர். பிரசவ வலியில் தொடர்ந்து ஒருவர் பக்கத்தில் இருப்பதால் சிசேரியன் குறைகிறது, வலி நேரம் குறைகிறது, அனுபவம் நல்லதாக அமைகிறது என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. சிக்கலான பிரசவத்தில் அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு: அவள் முன்பே சொல்லிவைத்ததை அவள் சொல்ல முடியாத நேரத்தில் எடுத்துச் சொல்வது. கர்ப்பப்பையை எடுக்க வேண்டிவந்தால், ரத்தம் ஏற்ற வேண்டிவந்தால், அவளுடைய விருப்பம் என்ன என்று டாக்டர் முன்னிலையில் ஏற்கெனவே பேசியிருந்தால், யாரோ ஒரு பெரியவர் வந்து சேரும்வரை கையெழுத்துக்காகக் காத்திருக்கும் கொடுமை நேராது. அவள் உடம்பு, அவள் சம்மதம்தான் முதலில்.

அந்த முப்பது நிமிடம்

தாயின் உயிருக்கோ குழந்தையின் உயிருக்கோ உடனடி ஆபத்து என்றால், முடிவெடுத்த 30 நிமிடத்துக்குள் குழந்தையை எடுக்க வேண்டும் என்பது பல நாட்டு வழிகாட்டுதல்களில் உள்ள இலக்கு. திடீரென்று அறையில் எட்டுப் பத்துப் பேர் இருப்பார்கள். ஒருவர் கையில் ஊசி ஏற்றுவார், ஒருவர் சிறுநீர்க் குழாய் போடுவார், ஒருவர் நகையைக் கழற்றச் சொல்வார், ஒருவர் கையெழுத்து கேட்பார். யாரும் நின்று விளக்கம் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது, ஆளுக்கொரு வேலை பிரித்திருக்கிறார்கள். முதுகில் ஊசி போட்டால் தொட்டுணர்வும் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், வலி தெரியக் கூடாது. தெரிந்தால் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஜில்லென்ற எதையாவது வயிற்றில் வைத்து “தெரியுதா?” என்று கேட்பது மருந்து எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பதற்கு. குழந்தை சில நிமிடங்களில் வெளியே வந்துவிடும், தைத்து முடிக்கத்தான் அரை மணிக்கு மேல் ஆகும். முழு மயக்கம் கொடுத்தால் கூட இருப்பவரைப் பெரும்பாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்த நிலையில் குழந்தையை முதலில் யார் பார்ப்பது, கண் விழித்ததும் தாயிடம் யார் சொல்வது என்பதையும் பேசி வையுங்கள்.

பிறந்ததும் அழாவிட்டால் எல்லாம் முடிந்ததாக நினைக்க வேண்டாம். நூறு குழந்தைகளில் பத்துக்கு மூச்சைத் தொடங்க ஏதாவது ஓர் உதவி தேவைப்படும், பலவற்றுக்கு நன்றாகத் துடைத்து முதுகைத் தேய்த்தாலே போதும். சுமார் ஐந்துக்கு மாஸ்க் வைத்துக் காற்றை அழுத்த வேண்டியிருக்கும். அதை முதல் நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால்தான் குழந்தைகள் டாக்டர் இருப்பாரா என்று முன்பே கேட்கச் சொன்னேன். பிராணவாயு வெகுநேரம் கிடைக்காமல் போன நிறைமாதக் குழந்தையின் உடலை 33.5 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைத்து மூளையைக் காக்கும் சிகிச்சை உண்டு. பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் அதைத் தொடங்க வேண்டும் என்பதால் இதற்கும் தூரம்தான் பிரச்சினை.

குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட்டால் தாயால் செய்ய முடிந்த பெரிய வேலை பால். முதல் சில மணி நேரத்துக்குள் கையால் பீய்ச்சத் தொடங்கி, இரவும் சேர்த்து நாளுக்கு எட்டு முறையாவது எடுக்க வேண்டும். முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அந்தச் சொட்டுகளைச் சிரிஞ்சில் எடுத்துக் குழந்தையின் வாயில் தடவுவார்கள், ஒன்றுகூட வீணில்லை. கங்காரு போல மார்போடு அணைத்து வைத்திருக்கும் முறை 1978-ல் கொலம்பியாவின் போகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் பிறந்தது. குழந்தையின் நிலை சீரான பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். 2021-ல் வெளியான ஆய்வில், பிறந்த உடனே தொடங்கியபோது எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு கால் பங்கு குறைந்தது. உங்கள் ஆஸ்பத்திரி அனுமதிக்குமா என்று தைரியமாகக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லோருடைய கண்ணும் குழந்தை மேல் இருக்கும். ஒரு மணி நேரத்தில் நாப்கின் முழுக்க நனைந்தால், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி வலி, நெஞ்சுவலி, விடாத தலைவலி என்றால் அது தாய்க்கான அவசரம். எந்த டாக்டரிடம் போனாலும் “சமீபத்தில் பிரசவம் ஆச்சு” என்று முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். தூக்கத்தில் அந்த அறை மறுபடி மறுபடி வருவது, குழந்தையைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றாதது, எல்லோருக்கும் பாரமாகிவிட்டதாக நினைப்பது ஆகியவை சிக்கலான பிரசவம் கண்டவர்களிடம் அதிகம். “குழந்தைதான் நல்லா இருக்கே, அப்புறம் என்ன” என்று சொல்லி அவள் வாயை மூடிவிடாதீர்கள். சிகிச்சையால் சரியாகக்கூடிய நோய் அது.

சில வாரம் கழித்து, முடிந்தால் அதே டாக்டரிடம் போய் அன்றைக்கு என்ன நடந்தது, ஏன் அப்படி முடிவெடுத்தார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். வரும்போது அறுவைக் குறிப்பின் நகலை வாங்கி வாருங்கள். வயிற்றின் தோலில் தழும்பு குறுக்காக இருப்பதால் உள்ளே கர்ப்பப்பையிலும் குறுக்காகவே வெட்டினார்கள் என்று சொல்லிவிட முடியாது. கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால் அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயன்று பார்க்கலாம். அப்படி முயல்பவர்களில் நாலில் மூன்று பேருக்குச் சரியாக அமைகிறது, தழும்பு விட்டுக்கொள்ளும் ஆபத்து இருநூறில் ஒன்று. மேல்நோக்கி நெடுக்காக வெட்டியிருந்தால் வலி வரும்வரை காத்திருக்கவே கூடாது. இரண்டு மூன்று வருஷம் கழித்து, வேறு ஊரில், வேறு டாக்டர் முன்னால் உட்காரும்போது, இரண்டில் எது என்று அந்த நகலில் உள்ள ஒரு வரியை வைத்துத்தான் அவரால் சொல்ல முடியும்.